கறுப்புப் போத்தலின் குரல்

போனில் அவரை யாரும் "மேடம்" என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. டெக்சிக்காரர், சாப்பாடு கொண்டு வருபவர், கடன் அட்டை வேண்டுமா என்று வங்கியிலிருந்து கூப்பிடும் பெண், எல்லாருக்கும் அவர் "சார்"தான். குரல் அப்படி. அரிசி மூட்டையைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தக் கனம். ஆளைப் பார்த்தாலோ நேர்மாறு. குள்ளம், ஒல்லி, எப்போதும் பருத்திப் புடவை, கீழே பூக்கடையில் தினமும் வாங்கும் மல்லிகை, நெற்றியில் பெரிய பொட்டு. வாயைத் திறக்காதவரை யார் வீட்டுக் கொலுவிலும் உட்கார வைக்கலாம்.

ஒருநாள் டன்லப் ஸ்திரீட் முனையில் நானும் அவரும் டெக்சிக்காக நின்றுகொண்டிருந்தோம். டிரைவர் போன் செய்தார். தமிழர்தான்.

"சார், நான் வந்துட்டேன். எங்க நிக்கிறீங்க? இங்க ரெண்டு லேடீஸ்தான் நிக்கிறாங்க."

"சார் செத்துட்டாரு. பொணத்த எடுத்துட்டுப் போகத்தான் ரெண்டு லேடீஸ் நிக்கிறோம். கதவத் தொறங்க லா."

பாவம் அந்த மனிதர், புக்கிட் மேரா போய்ச் சேரும்வரை கண்ணாடியில்கூட எங்களைப் பார்க்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். மேடம் சிரிக்கவில்லை. பையிலிருந்து புதினா மிட்டாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு நகைக்கடைக்கு மேல், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய படிக்கட்டில் ஏறிப் போனால் எங்கள் கம்பெனி. தமிழ் விளம்பரம் எடுப்பது தொழில். புடவைக்கடை, தேங்காய் எண்ணெய், இட்லி மாவு என்று வந்ததையெல்லாம் எடுத்தோம். ஆனால் எங்களுக்குச் சோறு போட்டது ஒரு சென்ட் கம்பெனி. ஆண்களுக்குக் கறுப்புப் போத்தல், பெண்களுக்கு இளஞ்சிவப்புப் போத்தல். வசனம் எழுதுவது என் வேலை. மற்றதெல்லாம் மேடம்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். செய்யும் வேலையைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் "எழுத்து". கேமராக்காரர் "கேமரா". ஒலிப்பதிவு செய்தவர் "சவுண்டு". "ஏய் எழுத்து, இங்க வா" என்று அந்தக் குரலில் கூப்பிடும்போது கீழே நகைக்கடையில் பேரம் பேசுகிறவர்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்களாம்.

ஆள் தேர்வு நடக்கும்போது பார்க்க வேண்டும் அவரை. பேச வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். "பேசு" என்பார். கேட்டு முடித்ததும் திரும்பி உட்கார்ந்து, இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, "இப்ப நட" என்பார். குரலைப் பார்க்கும்போது முகம் கூடாது, முகத்தைப் பார்க்கும்போது குரல் கூடாது. முழுதாக ஒரு ஆளை அவர் தேர்வு செய்து நான் பார்த்ததே இல்லை.

"முகத்த ஒருத்தர்கிட்ட எடு, குரல இன்னொருத்தர்கிட்ட எடு. முழு மனுஷன் யாருக்கு வேணும்?" என்பார்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நல்ல லட்சணமான பிள்ளை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தது. மேடம் அவளை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், இன்னும் ஒருமுறை திரும்பச் சொன்னார். பிறகு சொன்னார்: "உன் பின்னந்தல நல்லாருக்கு. நாளைக்கு வரும்போது முகத்த வீட்ல வச்சிட்டு வா." அந்தத் தாயின் முகம் போன போக்கு இருக்கிறதே! ஆனால் மறுநாள் வந்தார்கள். கறுப்புப் போத்தல்காரன் நடந்து போக, தலையைத் திருப்பிப் பார்க்கும் கூட்டத்தில் அந்தப் பின்னந்தலையும் இருந்தது.

சென்ட் விளம்பரத்தில் பெண்ணுக்கு அவர் வைத்திருந்த வேலைகள் சொற்பம். ஆண் போனால் திரும்பிப் பார்க்கலாம். கதவருகே காத்திருக்கலாம். புருஷன் சட்டையை எடுத்து மோந்து பார்க்கலாம். தன் போத்தலைத் தானே கடைக்குப் போய் வாங்கக் கூடாது. யாராவது ஒரு ஆண் பின்னாலிருந்து வந்து கண்ணைப் பொத்திப் பரிசாகக் கொடுக்க வேண்டும். நான் ஒருமுறை சண்டைக்கே போய்விட்டேன்.

"எங்கம்மா அவங்க சம்பளத்துல அவங்களே வாங்கித்தான் போட்டுக்கிறாங்க மேடம். இதுல என்ன கேவலம்?"

"கேவலம்னு யாரு சொன்னா? உங்கம்மா விளம்பரத்துல வரமாட்டாங்க, விளம்பரம் பாப்பாங்க. ரெண்டும் வேற வேற ஆளு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று எழுதிய வசனம் பூராவும் குப்பையாய் இருந்தது. அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார். நன்றாக ஓடியது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாதிரிக்கு வந்த போத்தல்கள் அலமாரியில் நிறைய இருக்கும். ஒரு மத்தியானம் வேலை இல்லாமல் கறுப்பை ஒரு மணிக்கட்டிலும் இளஞ்சிவப்பை மறு மணிக்கட்டிலும் அடித்துப் பார்த்தேன். மாறி மாறி மோந்தேன். ஒரே வாசனை. சவுண்டைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். அவரும் விழித்தார். மேடமிடம் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன், ஏதோ கொலையைக் கண்டுபிடித்தவள் மாதிரி.

அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஒரே டிரம்முலேர்ந்துதான் ரெண்டுலயும் ஊத்துறாங்க. உனக்கு இப்பதான் தெரியுமா? ஆம்பள வாசம், பொம்பள வாசம்னு ஒரு மண்ணும் கெடையாது. போத்தல் இருக்கு, குரல் இருக்கு. போய் வேலையப் பாரு."

அந்தக் கறுப்புப் போத்தலின் குரல் யாருடையது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். "ஆம்பள பேசமாட்டான். அவன் வாசம் பேசும்." நான் எழுதிய வரி. இந்த ஊர்த் தமிழ் வீடுகளில் தொலைக்காட்சியைப் போட்டால் அதைக் கேட்காமல் இருக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. அந்தக் குரலைக் கேட்டு மயங்கிக் கம்பெனிக்குப் போன் போட்ட பெண்கள் உண்டு. போனை எடுத்தவர் மேடம் என்பதால், அவர்கள் தேடிய ஆளே பேசுகிறார் என்றுதான் நினைத்தார்கள். "கல்யாணம் ஆயிடுச்சும்மா" என்று சொல்லி வைத்துவிடுவார்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தக் குரலால் நல்லதும் செய்திருக்கிறார். விளம்பரத்தில் நடித்த ஒரு பெண்ணுக்கு எவனோ ஒருவன் ஓயாமல் போன் செய்து அசிங்கமாகப் பேசிக்கொண்டிருந்தான். அந்தப் பிள்ளை எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தபோது மறுபடி மணி அடித்தது. மேடம் போனைப் பிடுங்கினார்.

"யாருடா? நான் அவ புருஷன் பேசுறேன். நீ எந்த புளோக், எத்தனாவது மாடின்னு சொல்லு, நான் வந்து நேர்ல பேசுறேன்."

அதோடு அவன் ஒழிந்தான். அந்தப் பெண் மேடத்தைக் கட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதது. மேடம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, "அழு, அழு, ஆனா கண்ண வீங்க வச்சிக்காத, நாளைக்கு ஷூட்டிங்" என்றார். அன்றைக்கு எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது. இப்போதும் அந்த ஒரு நாளுக்காகத்தான் முழுசாக வெறுக்க முடியாமல் கிடந்து தவிக்கிறேன்.

தன் குரலைப் பற்றி அவரே ஒரே ஒருமுறை பேசினார். ரொட்டிப் பரோட்டாவைக் குழம்பில் முக்கித் தின்றுகொண்டே. ஆரம்பப் பள்ளி ஆண்டு விழாவில் அவரை இளவரசியாகப் போட்டார்களாம். அழகாக இருந்தாராம் அப்போது. ஜிகினாப் பாவாடை, காகிதக் கிரீடம். மேடையில் முதல் வசனத்தை ஆரம்பித்ததும் அரங்கமே சிரித்ததாம். ஆசிரியை ஓடி வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாராம். அடுத்த வருடம் திரைக்குப் பின்னால் நிற்க வைத்து அரக்கனுக்குப் பேசவிட்டார்களாம். மேடையில் வேறொரு பையன் வாயை அசைத்தானாம். கைத்தட்டல் அவனுக்கு.

"அதோட முடிஞ்சுதா? பொண்ணு பாக்க வந்தாங்க. எங்கம்மா, வாயத் தொறந்த, கொன்னுருவேன்னாங்க. வந்தவங்ககிட்ட, புள்ளைக்குத் தொண்ட கட்டியிருக்குன்னு சொல்லிட்டாங்க. அந்தாளு விடாம, ஒரு வார்த்தையாவது பேசச் சொல்லுங்கன்னாரு. 'கோப்பி ஆறிடும், குடிங்க'ன்னேன். குடிச்சாரு, போயிட்டாரு."

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் சொன்ன விதம் அப்படி. அவரும் சிரித்துவிட்டு இன்னொரு பரோட்டா சொன்னார்.

கறுப்புப் போத்தலுக்கு முகம் வேண்டுமே, அது எங்களுக்கு ஒரு கோப்பிக்கடையில் கிடைத்தது. துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். நல்ல உயரம், தோள், தாடை எல்லாம் அளவெடுத்து வைத்த மாதிரி. மேடம் காதைப் பொத்திக்கொண்டு அவரை நடக்கச் சொன்னார். திருப்தி. பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேசச் சொன்னார். அவர் தன் பெயரைச் சொன்னார். கீச்சென்று, பத்து வயதுப் பிள்ளையின் குரல். கேமரா தும்முவது போல் நடித்து வெளியே ஓடினார்.

மேடம் மெதுவாகத் திரும்பினார். "போன்ல உன்ன என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மேடம்னு, மேடம்."

"என்னைய சார்ம்பாங்க. உனக்கும் எனக்கும் எங்கயோ மாத்திக் குடுத்துட்டாங்கடா" என்று சொல்லிவிட்டு மேடம் சிரித்த சிரிப்பில் எனக்கே மனசு இளகிவிட்டது. அன்றிலிருந்து அவர் "ஹீரோ". மதியச் சாப்பாட்டில் தன் டப்பாவிலிருந்து அவருக்கு ஒரு பங்கு வைப்பார். எங்கள் யாருக்கும் வைத்ததில்லை. வெளியில் வாயைத் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் நிபந்தனை. அதற்கு என் வரியே தோதாக அமைந்தது. தெருவில் ஆட்கள் அவரைப் பார்த்து, "ஆம்பள பேசமாட்டான்!" என்று கத்துவார்கள். ஹீரோ லேசாகத் தலையை அசைப்பார். அதுவே பெரிய ஸ்டைல் ஆகிவிட்டது. இளவட்டங்கள் அப்படித் தலையை அசைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள்.

ஹீரோவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண். அவளுக்கு அவர் குரல் தெரியும், அதனால் ஒன்றும் இல்லை என்றுவிட்டாள். அவள் அப்பாவுக்குத்தான் தெரியாது. அவர் விளம்பரத்து ஆம்பளையைத் தன் மாப்பிள்ளை என்று தெம்பனிஸ் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஹீரோ மேடமிடம் வந்து கையைப் பிசைந்தார்.

"அவங்க அப்பாவப் பாக்கப் போகணும் மேடம். என்ன செய்யட்டும்?"

"தொண்ட கட்டியிருக்குன்னு சொல்லு. கல்யாணம் முடியறவரைக்கும் கட்டியே இருக்கட்டும்."

அப்படியே சொன்னார். வேலை செய்தது. அடுத்த சிக்கல் தீபாவளிச் சந்தை மேடை. சென்ட் கம்பெனி முதலாளி ஹீரோவை நேரில் கொண்டு வந்து பேசவைத்தே ஆக வேண்டும் என்றார். அதே மேடைக்குப் பெண் வீட்டாரும் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஹீரோ கிட்டத்தட்ட அழுதுவிட்டார். மேடம்தான் வழி சொன்னார். ஹீரோ கையில் உயிரில்லாத மைக். மேடம் திரைக்குப் பின்னால் உயிருள்ள மைக்கோடு. ஹீரோ வாயை அசைக்க வேண்டும், மேடம் பேசுவார். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். பக்கத்தில் நின்று பார்த்தால்கூட வித்தியாசம் தெரியாத அளவுக்கு வந்துவிட்டார்கள்.

மேடைக்கு முந்தின நாள் புக்கிட் மேராவில் ஒரு கோப்பிக்கடையில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மேடத்துக்குப் போன் வந்தது. கை எண்ணெயாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். மேடைக்கு நாற்காலி அனுப்பும் ஆள். "சரி சார், ஓகே சார், தேங்க்யூ சார்" என்று வைத்தார். இது தினமும் நடப்பது. யாரும் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு ஹீரோவுக்கு என்ன கேடோ, கல்யாணச் சந்தோஷமோ, எழுந்து விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

"யெஸ் சார்! சார், என் கல்யாணத்துக்கு நீங்கதான் சார் மாப்பிள்ளைத் தோழனா வரணும் சார்!"

அந்தக் கீச்சுக் குரலில் அதைக் கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கேமரா மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மேடம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, "வர்றேன்டா ஹீரோ. கண்டிப்பா வர்றேன்" என்றார். பாதித் தட்டை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவப் போனார். குழம்பு சரியில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சாயந்திரம் சந்தையில் தோள் இடிபடும் கூட்டம். முறுக்கு, மருதாணி, விளக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆட்கள் மேடைப் பக்கம் வந்து நின்றார்கள். முன்வரிசையில் பெண்ணின் அப்பா பட்டு வேட்டியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் பெண், அம்மா, சித்தப்பா, சித்தி. நான் திரைக்குப் பின்னால் மேடம் பக்கத்தில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் ஒரு கிழிசல் வழியாக மேடை தெரிந்தது.

"சிங்கப்பூருக்கு வணக்கம்" என்று மேடம் மைக்கில் சொன்னார். மேடையில் ஹீரோ வாயசைத்தார். கூட்டம் அலறியது. அடுத்த வரியும் அப்படியே போனது. பெண்ணின் அப்பா பின்னால் திரும்பி யாருக்கோ தன் மாப்பிள்ளையைக் கைகாட்டினார். தொகுப்பாளினியை வெளியிலிருந்து அழைத்து வந்திருந்தார்கள், அவளுக்கு எங்கள் ஏற்பாடு எதுவும் தெரியாது. எழுதிக் கொடுத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"பொண்ணுங்கல்லாம் உங்கள ஏன் சுத்திச் சுத்தி வர்றாங்க?"

மேடம் மைக்கை நாற்காலியில் வைத்தார். பையைத் திறந்து புதினா மிட்டாயை எடுத்துக் காகிதத்தைப் பிரித்தார்.

"மேடம், பேசுங்க. மேடம்!"

"தொண்ட கட்டிக்கிச்சு" என்றார், முழுக் குரலில், என் கண்ணைப் பார்த்து.

மேடையில் ஹீரோவின் வாய் அசைந்து அசைந்து நின்றது. அவர் திரையைப் பார்த்தார். தொகுப்பாளினி, "அய்யோ, மைக் போச்சு போல" என்று நல்ல மனதோடு தன் மைக்கை அவர் கையில் வைத்தாள். ஹீரோ தலையை அசைத்துப் பார்த்தார். கூட்டம் "ஆம்பள பேசமாட்டான்!" என்று கத்தியது. அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் பெண்ணின் அப்பா எழுந்து நின்று, "சும்மா பேசுங்க மாப்ள!" என்று ஆசையாகக் கத்தினார். என்ன செய்வார் மனிதர்?

"எல்லாருக்கும் வணக்கம். தொண்ட... எனக்குத் தொண்ட சரியில்ல."

பின்னாலிருந்து எவனோ, "டேய், இது பிங்க் போத்தல்டா!" என்று கத்தினான். அதற்கப்புறம் வந்த சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சின்னப் பிள்ளைகள், தாய்மார்கள், விளக்கு விற்கிறவர், எல்லாரும் சிரித்தார்கள். எல்லாக் கையிலும் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே போனார். அவள் திரும்பித் திரும்பி மேடையைப் பார்த்தபடியே போனாள்.

கல்யாணம் நின்றது. "குரலுக்காக இல்ல, ஏமாத்துனதுக்காக" என்று பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார். காணொளி அதற்குள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. என் அம்மாவுக்குக்கூட யாரோ அனுப்பியிருந்தார்கள், சிரிக்கும் பொம்மைகளோடு.

ஹீரோ அலுவலகத்துக்கு வந்தார். சண்டை போடுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று பயந்துகொண்டிருந்தோம். வந்து நின்றார், அவ்வளவுதான்.

"ஏன் மேடம்?"

"மாப்பிள்ளைத் தோழனா வரச் சொன்னியே ஹீரோ. வந்தேன்ல?"

நான் அவரைத் திட்ட வாயெடுத்தேன். என்னைக் கையால் நிறுத்திவிட்டு, ஹீரோவை உட்கார வைத்தார். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அவர் முன் தள்ளினார். "பாரு. ஊரே சிரிக்குது. இப்ப நீ ஒளிஞ்சுக்கிட்டா அது அவங்க சிரிப்பு. கேமரா முன்னாடி நீயே வந்து நின்னுட்டா அது உன் சிரிப்பு. மொத தடவையா உன் குரலயே போடுறேன். சம்மதமா?" அவர் சொன்னால் கேட்கத் தோன்றும். ஹீரோ நம்பினார். வெட்கக்கேடு, நானும் நம்பினேன்.

அடுக்குமாடி லிஃப்ட்டில் எடுத்தோம். ஹீரோ லிஃப்ட்டுக்குள் வந்து, தன் சொந்தக் குரலில், "எக்ஸ்கியூஸ் மீ, எட்டாவது மாடி" என்பார். பெண்கள் மூலையில் ஒதுங்கிக்கொண்டு வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அவர் கறுப்புப் போத்தலைச் சட்டையில் அடிப்பார். மறுபடி வாயைத் திறப்பார். இப்போது மேடத்தின் குரல்: "எட்டாவது மாடி." பெண்கள் எல்லாரும் அவர் தோளில் சாய்வார்கள்.

கறுப்புப் போத்தல் கடையில் நிற்காமல் விற்றுப் போனது. முதலாளி எங்களுக்கெல்லாம் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் லிஃப்ட்டில் ஏறினாலே கீச்சுக் குரலில் "எட்டாவது மாடி" என்று கத்தத் தொடங்கினார்கள். துவாஸ் போகும் கம்பெனி பஸ்ஸில் ஹீரோ ஏறும்போதெல்லாம் பின்சீட்டிலிருந்து அதையே சொன்னார்களாம். வேலையை விட்டார். நம்பரை மாற்றினார். எங்களில் யாருக்கும் அதற்குப் பிறகு அவர் எங்கே என்று தெரியவில்லை. "ஹீரோ போனா என்ன? முகமா கெடைக்காது?" என்றார் மேடம். ஆனால் மதியத்தில் டப்பாவைத் திறந்ததும் கொஞ்சம் சோற்றை மூடியில் எடுத்துத் தனியாக வைக்கும் பழக்கம் அவரை விடவில்லை. கடைசியில் அதையும் தானே தின்பார்.

நானும் அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. இப்போது ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். போனவர்களை அவர் தேடுவதில்லை, ஆனால் தீபாவளிக்கு எனக்கு மட்டும் போன் செய்வார்.

எத்தனையோ வருஷம் கழித்து, போன மாதம் தெம்பனிஸ் உணவங்காடியில் ஹீரோவைப் பார்த்தேன். தாடை கொஞ்சம் சதை போட்டிருந்தது, மற்றபடி அப்படியே இருந்தார். கூட ஒரு சின்னப் பெண், பள்ளிச் சீருடையில். வரிசையில் நின்று அதுதான் சாப்பாடு சொன்னது. "அங்கிள், ஒரு மீ கோரிங், காரம் கம்மி. அப்பாக்கு ஒரு தே ஓ, பாலில்லாம." மணி மணியான குரல். பக்கத்தில் போய் என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். ஹீரோ சிரித்தார். லேசாகத் தலையை அசைத்தார். அதே அசைப்பு.

"அப்பா வெளியில பேசமாட்டாரு ஆன்ட்டி" என்றது பிள்ளை, தினமும் சொல்லிப் பழகிய மாதிரி. "வீட்லதான் பேசுவாரு. கதையெல்லாம் சொல்வாரு. லிஃப்ட்ல யாராச்சும் இருந்தா என்கிட்டகூடப் பேசமாட்டாரு. நான்தான் பட்டன் அமுக்குவேன்."

ஹீரோ தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று மேடம் போன் செய்தார். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது, அதனால் அப்போதே சந்தேகப்பட்டேன்.

"ஏய் எழுத்து. இப்ப எவனும் கறுப்பும் வாங்கல, பிங்க்கும் வாங்கல. ஆணுக்கும் பொண்ணுக்கும் பொதுவா வேணுமாம். வெள்ளப் போத்தல் போட்டிருக்காங்க."

"உள்ள?"

"அதே டிரம்தான், வேறென்ன? விளம்பரம் நான் எடுக்குறேன். ஆம்பளையும் இல்லாம பொம்பளையும் இல்லாம ஒரு குரல் கேக்குறாங்க. ஹீரோ நம்பர் இருக்கா? இப்பதான் அவன் குரலுக்குக் காலம் வந்திருக்குன்னு சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உணவங்காடியில் பார்த்ததை அப்படியே சொன்னேன். தலையசைப்பு, தே ஓ, லிஃப்ட்டு, பட்டன், ஒன்றையும் விடவில்லை. குத்தட்டும் என்றுதான் சொன்னேன். மறுமுனையில் புதினா மிட்டாயைப் பல்லில் உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"அந்தப் புள்ள குரல் எப்படி?" என்றார்.

இந்தப் பொம்பளை திருந்தவே திருந்தாது என்று தோன்றியது. அந்தப் பிள்ளையையும் முகம் தனி, குரல் தனி என்று பிரித்து எடுக்க வந்துவிட்டார். அவரை எங்கே அடித்தால் வலிக்கும் என்று எனக்குத் தெரியும். கூசாமல் பொய் சொன்னேன்.

"உங்க குரல் மாதிரியே இருக்கு மேடம். அச்சு அசல்."

மிட்டாய்ச் சத்தம் நின்றது. போனை வைத்துவிட்டாரோ என்று எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. பிறகு பேசினார். அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதே இல்லை.

"அவன்கிட்ட சொல்லு, அந்தப் புள்ளைய மேடையில மட்டும் ஏத்த வேணாம்னு."